இறங்கவும் பழக வேண்டும்

ஜனவரி 12

குண்டூசிக்கு,

நீ போன் செய்துகொண்டே இருக்கிறாய், நான் எடுக்காமலே இருக்கிறேன். இனியும் எடுக்க மாட்டேன். போனில் பேசினால் கொஞ்ச நேரத்திலேயே நீ கத்துவாய், நான் வைத்துவிடுவேன். தாளில் கத்த முடியாது. அதனால்தான் தபால்.

அக்காவுக்கு என்ன கோபம் என்றே தெரியவில்லை என்று உன் வீட்டுக்காரியிடம் சொன்னாயாமே. இப்போது தெரிந்துகொள். இதயக் குழாயில் அடைப்பு எடுத்து என்னைப் படுக்க வைத்திருந்தார்களே, அப்போது திரைக்கு அந்தப் பக்கம் நின்று நர்ஸோடு பேசினாய். "உங்க அக்கா மலையெல்லாம் ஏறுவாங்களாமே?" என்று அந்தப் பெண் ஆசையாகக் கேட்டாள். "அதெல்லாம் முடிஞ்சு போச்சு சிஸ்டர். இனிமே அவங்களால எங்க முடியப்போகுது" என்றாய். நான் தூங்கவில்லையடா. நமக்கு நடுவில் இருந்தது துணி, சுவர் இல்லை. என்னால் முடியுமா முடியாதா என்று என்னிடமே கேட்டிருக்கலாம். பக்கத்தில்தானே கிடந்தேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் என் மலை பூட்ஸையும் யாருக்கோ தூக்கிக் கொடுத்திருக்கிறாய்.

டிப்போவிலும் உன்னைப் போலவே நினைத்துவிட்டார்கள். ஸ்டியரிங்கிலிருந்து இறக்கி ஆபீஸ் நாற்காலியில் உட்கார வைத்திருக்கிறார்கள். இத்தனை வருடம் பேருந்து ஓட்டிய கை இப்போது ஸ்டேப்ளர் அமுக்குகிறது.

விஷயத்துக்கு வருகிறேன். டிக்கெட் பரிசோதகியும் நானும் போன வருடமே பதிவு செய்திருந்த பயணம் மே மாதம் வருகிறது. மூன்று நாள் மலை நடை, முகட்டைத் தாண்டி அந்தப் பக்கம் இறங்கினால் பெரிய ஏரி, அதில் இரண்டு நாள் துடுப்புப் படகு. பரிசோதகியின் மகளுக்கு அதே மாதம் பிரசவம் என்று அவள் கழன்றுகொண்டாள். படகில் இரண்டு இருக்கை. ஜோடியாக வந்தால்தான் சேர்த்துக்கொள்வார்களாம்.

நீ வா. என் இதய மருத்துவர், "நாலு மாசம் ஒழுங்கா பழகினா தாராளமா போகலாம்" என்று சொல்லிவிட்டார். உனக்கும் பழக்கம் வேண்டும். பயணம் நடத்துபவர்கள் அனுப்பிய பயிற்சித் தாளை இதோடு வைத்திருக்கிறேன். எனக்கு இது வெறும் ஊர் சுற்றல் இல்லை. அந்த முகட்டைத் தாண்டி வந்தால்தான் மறுபடி ஸ்டியரிங்கைக் கொடுங்கள் என்று கேட்க எனக்கு வாய் வரும்.

உன் அக்கா


ஜனவரி 25

கேப்டனுக்கு,

உன் கடிதத்தை லிஃப்ட் குழிக்குள் நின்று படித்தேன். ஒரு லிஃப்ட் மெக்கானிக்குத் தனிமை கிடைக்கும் இடம் அது ஒன்றுதான். படித்து முடித்து மேலே வந்தபோது என் முகத்தைப் பார்த்துவிட்டு வாட்ச்மேன், "கேபிள் அறுந்துபோச்சா?" என்று கேட்டார்.

நான் சொன்னதை நீ கேட்டிருப்பாய் என்று நினைக்கவில்லை. ஆனால் நீயும் ஒன்றைக் கேட்டுக்கொள். அன்று காலை உன் சமையலறைத் தரையில் உன்னைப் பார்த்தவன் நான். அடுப்பில் கெட்டில் கூவிக்கொண்டிருந்தது. அதை அணைப்பதா உன்னைத் தூக்குவதா என்று தெரியாமல் நின்றேன். இன்றைக்கும் எங்கேயாவது கெட்டில் கூவினால் ஓடிப்போய் அணைத்துவிடுகிறேன். பயந்தவன் வாயில் நல்ல வார்த்தை எப்படி வரும்? உன் பூட்ஸ் கண்ணில் பட்டபோதெல்லாம் அழுகை வந்தது. அதனால்தான் எங்கள் மாடிவீட்டுப் பாட்டு டீச்சருக்குக் கொடுத்தேன்.

பயிற்சித் தாளைப் பார்த்தேன். பல் தேய்க்கும்போது ஒற்றைக் காலில் நிற்க வேண்டுமாம். ஈரத் துண்டை இரண்டு கையாலும் இழுத்துத் துடுப்புப் போடப் பழக வேண்டுமாம். பையில் கனம் வைத்துப் படி ஏற வேண்டுமாம். எனக்கு வயது என்ன, என் தொப்பை என்ன! சின்ன வயதில் நீ வைத்த பெயரில் ஊசி எப்போதோ போய்விட்டது, குண்டு மட்டும்தான் பாக்கி.

வர மாட்டேன் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். வராவிட்டால் நீ வேறு யாரையாவது கூட்டிக்கொண்டு போவாய், எனக்குத் தெரியும். நான் வந்தால் பாதி வழியில் உன்னைத் திருப்பிக் கூட்டி வரவாவது ஓர் ஆள் இருக்கும். அதனால் வருகிறேன்.

தம்பி


பிப்ரவரி 17

குண்டூசிக்கு,

திருப்பிக் கூட்டி வரப் போகிறவனே, வரவேற்கிறேன். எந்த எண்ணத்தில் வந்தாலும் சரி, வந்து சேர்.

இங்கே என் பாடு சிரிப்பாய்ச் சிரிக்கிறது. தினமும் டிப்போவிலிருந்து வீட்டுக்கு நடந்தே போவது என்று முடிவு செய்தேன். போகும் வழி முழுக்க நான் ஓட்டிய அதே தடம். ஒவ்வொரு பேருந்தும் என் பக்கத்தில் வந்து நிற்கிறது. நிறுத்தம் இல்லாத இடத்திலும் நிற்கிறது. "ஏறுங்க கேப்டன், எதுக்கு வெயில்ல நடக்கறீங்க?" வேண்டாம் என்று கையசைத்தால், பஸ் பாஸ் தொலைந்துபோனதா என்று கேட்கிறான் ஒருவன். நேற்று ஒரு புது டிரைவர், பேருந்து நிறைய ஆட்களை வைத்துக்கொண்டு, என் நடைக்குச் சமமாக ஊர்ந்து வந்தான். "போய்த் தொலைடா, டைம் ஆகுது" என்று விரட்ட வேண்டியதாயிற்று. பயணிகள் என்னைத்தான் முறைத்தார்கள்.

முதல் வாரம் தபால் நிலையத் திருப்பத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். இப்போது மேம்பாலம் தாண்டியும் மூச்சு வாங்கவில்லை. மருத்துவமனைப் பயிற்சிக்கூடத்தில் ஒரு பெண் இருக்கிறாள், சின்ன வயது, சிரிக்கவே மாட்டாள். நடக்கும்போது ஒரு முழு வாக்கியம் பேச முடிகிற வேகம்தான் உங்கள் வேகம் என்று சொல்லிக் கொடுத்தாள். அதனால் வழியெல்லாம் வாய்விட்டுப் பேசிக்கொண்டே நடக்கிறேன். பெரும்பாலும் உன்னைத் திட்டுகிறேன். நல்ல பயிற்சி.

பாட்டு டீச்சரிடமிருந்து என் பூட்ஸைத் திரும்ப வாங்கி அனுப்ப மறந்துவிடாதே. புதிது வாங்கினால் அது காலைக் கடித்துப் பழகவே இரண்டு மாதம் ஆகும்.

அக்கா


மார்ச் 6

கேப்டனுக்கு,

பூட்ஸ் தனிப் பார்சலில் வருகிறது. பாட்டு டீச்சர் அதைப் போட்டுக்கொண்டுதான் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். லேசில் விடவில்லை. பூப்போட்ட ரப்பர் பூட்ஸ் ஒரு ஜோடி கொடுத்து மீட்டேன். அவருக்குக் கொஞ்சம் பெரிய கால், பூட்ஸ் விரிந்துபோயிருக்கிறது. உனக்குத் தொளதொளவென்று இருந்தால் இரண்டு காலுறை போட்டுக்கொள்.

என் கதையைக் கேள். என் பொறுப்பில் உள்ள கட்டடங்களிலேயே பெரியது பதினாறு மாடிக் குடியிருப்பு. வேலை முடிந்ததும் பையில் தேய்ந்துபோன பிரேக் கட்டைகளை அள்ளிப் போட்டுக்கொண்டு படியேறத் தொடங்கினேன். முதல் நாள் ஒரு பெரியவர் பார்த்தார். "என்னப்பா, லிஃப்ட் சரியில்லையா?"

"நல்லா ஓடுது சார்."

"அப்புறம் நீ ஏன் ஏறல?"

"உடம்புக்கு நல்லது சார்."

"யார் உடம்புக்கு?"

அவ்வளவுதான். லிஃப்ட் மெக்கானிக்கே லிஃப்டில் ஏறப் பயப்படுகிறான் என்று மாடிக்கு மாடி செய்தி பரவிவிட்டது. மறுநாள் பதினாறு மாடி ஜனமும் படியில் நிற்கிறது. குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஒருத்தி, காய்கறிப் பையோடு ஒருவர், எல்லோருக்கும் முன்னால் மூட்டையோடு நான். சங்கச் செயலாளர் எங்கள் ஆபீசுக்குப் புகார் எழுதிவிட்டார். மேனேஜர் கூப்பிட்டு, "ஒண்ணு லிஃப்ட் பாரு, இல்ல மலை ஏறு. ரெண்டையும் ஒரே கட்டடத்துல வச்சுக்காதே" என்றார்.

கடைசியில் லிஃப்ட் கதவில் நானே ஒரு தாள் ஒட்டினேன்: 'லிஃப்ட் நன்றாக இயங்குகிறது. மெக்கானிக் மலைக்குப் போகிறார்.' இப்போது படியில் பார்ப்பவர்கள் எல்லாம் எப்போது பயணம் என்று விசாரிக்கிறார்கள். எட்டாவது மாடி அம்மா ஒரு டம்ளர் தண்ணீரோடு நிற்கிறார்.

முதலில் நாலாவது மாடியிலேயே கண் இருட்டியது. இப்போது நிற்காமல் மொட்டைமாடி வரை போகிறேன். இறங்கும்போது லிஃப்டைச் சோதித்தபடியே வந்துவிடுகிறேன். பெல்ட் துவாரம் இரண்டு உள்ளே போயிருக்கிறது, வீட்டுக்காரியே ஒப்புக்கொண்டாள்.

உன்னைத் திருப்பிக் கூட்டி வரும் எண்ணம் கொஞ்சம் குறைந்திருக்கிறது. முழுதாக இல்லை.

தம்பி


மார்ச் 21

குண்டூசிக்கு,

பூட்ஸ் வந்தது. உள்ளே ரோஜாச் செடியின் மண். இரண்டு காலுறையோடு சரியாக இருக்கிறது.

உன்னிடம் மட்டும் ஒன்று சொல்கிறேன். போன ஞாயிற்றுக்கிழமை தண்ணீர்த் தொட்டி மேட்டில் பையோடு ஏறும்போது நெஞ்சில் ஒரு பிடிப்பு. அந்தப் பழைய இடத்திலேயே. புல்லில் உட்கார்ந்தேன். பயம் என்றால் அப்படி ஒரு பயம். யாரையும் கூப்பிடத் தோன்றவில்லை, உன்னைத்தான் நினைத்தேன். சிரிக்காத பெண் சொன்னபடி மூச்சை மெதுவாக விட்டு, பை வாரைத் தளர்த்தியதும் சரியாகிவிட்டது. மறுநாள் போய்ப் பரிசோதித்தேன். இதயம் இல்லை, வாரை இறுக்கிக் கட்டியதில் விலாத் தசை பிடித்திருக்கிறது, அவ்வளவுதான். அறிக்கையைப் பார்த்தபோது அந்தப் பெண் முதல்முறையாகச் சிரித்தாள்.

இதை உனக்கு எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன். எழுதினால் போகாதே என்பாய். எழுதாவிட்டால் உன்னை நம்பவில்லை என்று ஆகிவிடும். எழுதிவிட்டேன்.

இன்னொன்று. நீ ஏறுவதைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறாய், இறங்குவதைப் பற்றி ஒரே வரி. லிஃப்டிலா இறங்குகிறாய்? மலையில் அந்த வசதி கிடையாதடா.

அக்கா


ஏப்ரல் 15

கேப்டனுக்கு,

நெஞ்சுப் பிடிப்பைப் படித்துவிட்டு மூன்று நாள் சரியாகத் தூங்கவில்லை. ஆனால் போகாதே என்று எழுதவில்லை, கவனித்தாயா.

இப்போது எழுதுவது வேறு விஷயம். நீ இறங்கப் பழகு என்று எழுதியதற்கு நான் சிரித்தேன். கீழே வருவதற்குக் கூடவா ஒருவன் பழக வேண்டும்? லிஃப்டுக்கே மேலே போகத்தான் மோட்டார் திணறும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். போன சனிக்கிழமை பக்கத்துக் குன்றுக்குப் பயிற்சிக்குப் போனேன். ஏறினேன் பார், உச்சிக்குப் போய்க் கைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றேன். வீட்டுக்காரி போட்டோ எடுத்தாள்.

இறங்கத் தொடங்கிக் கொஞ்ச தூரத்திலேயே தொடை இரண்டும் வெடவெடவென்று ஆடின. கால் என் சொல் கேட்கவில்லை. பாதி வழி உட்கார்ந்தபடியே சறுக்கி வந்தேன். பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஒரு கூட்டம் எனக்கு வழி விட்டு நின்றது. கடைசிச் சரிவில் எழுந்து நடந்து கௌரவமாக முடிக்கலாம் என்று பார்த்தேன். வலது முழங்கால் உள்பக்கமாக மடங்கிவிட்டது.

தசைநார் பாதி கிழிந்திருக்கிறதாம். மே மாதம் என்ற பேச்சுக்கே இடமில்லை என்று மருத்துவர் சொல்லிவிட்டார். முழங்காலில் பட்டை கட்டிக்கொண்டு ஆபீசில் உட்கார்ந்து போன் எடுத்துக்கொண்டிருக்கிறேன். உன் ஸ்டேப்ளர் வேலைதான் எனக்கும்.

நீ வேறு யாரையாவது கூட்டிக்கொண்டு போ. உன் வருடத்தை நான் கெடுக்கக் கூடாது. என்னால் இனி எங்கே முடியப்போகிறது? பிரேக் கட்டைகளைப் பழைய இரும்புக்குப் போடச் சொல்லிவிட்டேன். இதெல்லாம் முடிந்துபோயிற்று கேப்டன்.

தம்பி


ஏப்ரல் 30

டேய்,

உன் கடைசி வரிகளை இன்னொரு முறை படித்துப் பார். எங்கேயோ கேட்ட மாதிரி இல்லை? திரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து என்னைப் பற்றிச் சொன்னாய், இப்போது உன்னைப் பற்றியே சொல்கிறாய். இந்த வாக்கியத்தை நம் வீட்டிலிருந்தே ஒழித்துக்கட்ட வேண்டும்.

டிப்போ கேஷியர் பெண் உன் இடத்துக்கு வரத் தயாராக இருந்தாள். இளம் வயது, குதித்துக் குதித்து நடக்கிறாள். எல்லோரும் போகச் சொன்னார்கள். எனக்கும் ஆசைதான், பொய் சொல்லவில்லை. இவ்வளவு பழகிய உடம்பு, கைக்கெட்டிய தூரத்தில் முகடு. தள்ளிப்போட்டால் அதற்குள் எனக்கு என்ன ஆகுமோ என்ற பயமும் உண்டு. ஒரு வாரம் மனசு அடித்துக்கொண்டது.

இன்று காலை பயணம் நடத்துபவர்களுக்கு எழுதிவிட்டேன். மழைக்கு முன்னால் கடைசிக் குழு செப்டம்பரில் போகிறதாம். நம் இருவர் பெயரையும் அதற்கு மாற்றச் சொல்லியிருக்கிறேன். நெஞ்சுப் பிடிப்பை எழுதியும் போகாதே என்று சொல்லாதவன் ஒருவன் இருக்கிறான். படகின் இன்னொரு இருக்கையில் அவன்தான் உட்கார வேண்டும்.

உன்னால் முடியுமா என்று நான் கேட்கவில்லை. எப்போது முடியும் என்று மருத்துவரிடம் கேட்டு எழுது. அதுவரை நான் மேம்பாலத்தைத் தேய்த்துக்கொண்டிருப்பேன்.

பிரேக் கட்டைகளைத் திரும்ப வாங்கு.

அக்கா


ஜூலை 30

கேப்டனுக்கு,

உன் கடிதத்தை வீட்டுக்காரிக்குப் படித்துக் காட்டப் போய், பாதியில் தாளை அவளிடமே நீட்டிவிட்டேன். மீதியை அவள்தான் படித்தாள்.

நல்ல செய்தியோடு எழுதலாம் என்றுதான் இத்தனை நாள் காத்திருந்தேன். மருத்துவர் செப்டம்பர் போகலாம் என்றுவிட்டார். பை கனமாக இருக்கக் கூடாது, முழங்காலில் பட்டை வேண்டும், ஊன்றுகோல் இரண்டு வேண்டும்.

முன்பு செய்ததற்குத் தலைகீழாக இப்போது செய்கிறேன். லிஃப்டில் மேலே போகிறேன், படியில் இறங்குகிறேன். பக்கவாட்டில் காலை வைத்து, தொடையால் கனத்தைத் தாங்கி, நத்தை மாதிரி. இறங்குவதுதான் கஷ்டமான வேலை, அதை இந்த வயதில் கற்றுக்கொண்டேன். ஜனங்களுக்கு மறுபடி சந்தேகம். அதே பெரியவர் வழிமறித்தார். "இப்ப மேல போக மட்டும்தான் லிஃப்ட் நல்லாருக்கா? கீழ வர்றது ரிப்பேரா?" நல்லவேளை, செயலாளர் இந்த முறை புகார் எழுதவில்லை. அவரே என்னோடு சேர்ந்து இறங்குகிறார். எட்டாவது மாடி அம்மாவும் வருகிறார். சாயங்காலம் ஒரு சின்ன ஊர்வலமே இறங்குகிறது.

ஒற்றைக் காலில் நின்று பல் தேய்க்க முடிகிறது. வலது காலிலும். கண்ணாடியில் அதைப் பார்த்துக் கொஞ்சம் பெருமைப்பட்டேன்.

தம்பி


செப்டம்பர் 24

குண்டூசிக்கு,

ஊர் வந்து சேர்ந்ததும் உன் வீட்டுக்காரி போன் செய்தாள். அவள் போனை எடுப்பேன், அவள்மேல் எனக்குக் கோபம் இல்லை. நீ அங்கே சொல்லிவைத்திருக்கும் கதையைக் கேட்டேன். என்னைக் கைத்தாங்கலாக முகட்டிலிருந்து இறக்கினாயாமே? படகை நீ ஒருவனே ஓட்டினாயாமே? நடந்ததை எழுதி வைக்கிறேன், அவளும் படிக்கட்டும்.

ஏறும்போது நான் மூச்சு வாங்கி நின்ற இடத்திலெல்லாம் உன் பூட்ஸ் கயிறு அவிழ்ந்தது. குனிந்து கட்டிக்கொண்டே இருந்தாய். இரண்டாவது நாள்தான் பார்த்தேன், உன் பூட்ஸுக்குக் கயிறே இல்லை, ஒட்டுப் பட்டைதான். அடுத்த மேட்டிலும் நின்று மூச்சு வாங்கினேன். நீயும் குனிந்து கட்டுவதை விடவில்லை.

முகட்டில் காற்று ஆளைத் தள்ளியது. ஏரி அவ்வளவு கீழே, தட்டில் ஊற்றிய தண்ணீர் போலக் கிடந்தது. அங்கே நின்று கொஞ்சம் அழுதேன். நீ பார்க்காத மாதிரி பிஸ்கட் பொட்டலத்தைப் பிரித்தாய்.

அப்போதுதான் வழிகாட்டிப் பெண் உன் முழங்கால் பட்டையைப் பார்த்துவிட்டு என்னிடம் வந்து, "உங்க தம்பியால இறங்க முடியுமா? சந்தேகம்னா இப்பவே சொல்லிடுங்க" என்றாள். எனக்குச் சொல்ல நிறைய இருந்தது. அந்தக் குன்றில் நீ சறுக்கி வந்தது முதல் எல்லாம் வாய் வரை வந்தது. "அவன்கிட்டயே கேளுங்கம்மா. இதோ பக்கத்துலதானே நிக்கிறான்" என்றேன்.

நீ என்னை ஒரு பார்வை பார்த்தாய். பிறகு அவளிடம், "முடியும். ஆனா மெதுவாத்தான் வருவேன்" என்றாய். எங்களுக்கு ஒரு அவசரமும் இல்லை என்றேன் நான். குழு முழுதும் கூடாரம் அடித்துச் சூப் குடித்து முடித்த பிறகு நாம் போய்ச் சேர்ந்தோம். உருளும் கற்கள் வந்த இடத்தில் நான் முன்னால் நின்றேன், நீ என் தோளைப் பிடித்தாய். சரியாகச் சொன்னால் கைத்தாங்கல் என்பது அதுதான், யார் யாரைத் தாங்கியது என்று நீயே அவளுக்குச் சொல்.

படகைப் பற்றிப் பேசாதே. நீயும் திருப்பி நானும் திருப்பி ஒரே இடத்தில் வட்டம் போட்டோம். பேருந்தில் ஒரே ஒரு ஸ்டியரிங் வைத்ததற்குக் காரணம் இருக்கிறது.

டிப்போ மேனேஜர் லீவு முடிந்து வந்ததும் அவரைப் பார்க்கப் போகிறேன். மருத்துவர் கடிதம் தயார். ஸ்டியரிங்கைக் கேட்கப் போகிறேன்.

அக்கா


அக்டோபர் 9

கேப்டனுக்கு,

உன் கடிதத்தை வீட்டுக்காரி சத்தமாகப் படித்தாள், மகள்கள் இருவரும் கேட்டார்கள். இந்த வீட்டில் எனக்கு இனி மரியாதை கிடையாது.

முகட்டில் நீ அந்தப் பெண்ணுக்குச் சொன்ன பதிலைக் கேட்டபோது என் முழங்கால் வலியே மறந்துவிட்டது. அன்று அந்த நர்ஸ் கேட்டபோது நான் சொல்லியிருக்க வேண்டியது அதுதான். உன் பக்கத்தில் நின்று அதைக் காதால் கேட்ட பிறகுதான் புரிந்தது. அங்கேயே சொல்ல நினைத்தேன். காற்று பலமாக இருந்தது, பிஸ்கட் வேறு வாய் நிறைய இருந்தது.

இன்று காலை பதினாறு மாடிக் கட்டடத்தில் லிஃப்ட் குழிக்குள் நின்றிருந்தேன். போன் வந்தது. உன் டிப்போ மேனேஜர். உன் பதிவில் உறவினர் என்று என் எண்ணைத்தான் கொடுத்திருக்கிறாயாம். ரொம்ப மரியாதையாகப் பேசினார். "ஓட்டத் தகுதின்னு டாக்டர் கடிதம் கொடுத்திருக்காரு. இருந்தாலும் கூடப் பிறந்தவர், நீங்க சொல்லுங்க. உங்க அக்காவால மறுபடியும் பஸ் ஓட்ட முடியுமா?"

முகட்டையும் ஏரியையும் சொல்லி, முடியும் முடியும் என்று கத்தத்தான் வாயெடுத்தேன். அடக்கிக்கொண்டேன்.

"அக்கா இப்ப எங்க சார் இருக்காங்க?" என்று கேட்டேன்.

"இங்கதான், என் எதிர்லதான் உக்காந்திருக்காங்க."

"அப்ப அவங்ககிட்டயே கேளுங்க சார்" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

அதிலிருந்து ஒரு வேலையும் ஓடவில்லை. அவர் கேட்டாரா, நீ என்ன சொன்னாய்? உடனே எழுது.

வேண்டாம், தபால் வர ஒரு வாரம் ஆகும். போன் செய். கத்த மாட்டேன்.

தம்பி